மணல் பீய்ச்சிய சுவர்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், அவிநாசிக்கு அருகிலுள்ள எங்கள் ஊர்ச் சிவன் கோயிலில் திருப்பணி நடைபெற்றது. கற்சுவரின் எண்ணெய்ப் பிசுக்கை மணல் பீய்ச்சி நீக்கலாம் என்று முன்மொழிந்தவன் நான். என் பனியன் கம்பெனியின் கம்ப்ரசரையும் கொடுத்தேன். சுவரில் கல்வெட்டு இருப்பதை அறிவேன். படிக்க எவராலும் இயலாததால் பொருட்படுத்தவில்லை. மூன்றே நாளில் சுவர் வெளுத்தது.

நான்காம் நாள், செக்கு ஆட்டும் பழனியப்பன் எண்ணெயுடன் வந்தார். சன்னதி விளக்கேற்றுவது அவர் குடும்பத்தின் உரிமை. முன்னோர் பெயருடன் அதைக் கூறுவதாக அவர்கள் வழிவழியாகச் சொல்லிவந்த அக்கல்வெட்டைத் தொட்டு வணங்கிய பின்னரே விளக்கேற்றுவார். அன்று அவர் கை சுவரில் நெடுநேரம் தேடியது.

"ஏனுங்க, எங்கூட்டு எழுத்து என்னாச்சுங்க?"

"அழுக்கோட போயிருக்குமுங்க. செவுரு பளிச்சுன்னு இருக்குதில்லீங்களா!"

"பளிச்சுன்னுதான் இருக்குதுங்க, மொதலாளி. எங்க பாட்டனையுமில்ல தொடைச்சுப்போட்டீங்க."

மறு ஆண்டு திருப்பணிக் குழு அவரிடம் உரிமைக்கு ஆதாரம் கேட்டது. அவரால் காட்ட இயலவில்லை. விளக்கு உரிமை எனக்கு வழங்கப்பட்டது. கல்வெட்டு இருந்த இடத்திலேயே, சிவப்புப் பெயிண்டில், உபயம் என்று என் பெயரை எழுதினார்கள். வேண்டாமென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இன்றும் அவ்விடத்தைத் தலைகுனிந்தே கடக்கிறேன். ஊரார் அதைப் பக்தி என்று எண்ணுகிறார்கள்.