பேருந்தில் மறுத்த குங்குமம்

“...ரெண்டு வருசமா நின்னிருந்தது திரும்ப வந்தா, அதுக்குப் பேரு தூரம் இல்லீங்கக்கா” என்றார், பென்னாகரம் பேருந்தில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நர்சம்மா.

அவர் நீட்டிய கோயில் குங்குமத்தை, “வேண்டாங்க, வூட்டுக்குத் தூரம்” என்று நான் மறுத்ததில் தொடங்கிய பேச்சு. நின்றுபோன மாதவிலக்கு திரும்பியதால், ஐம்பத்து நாலு வயதில் இளமை வந்துவிட்டதாகச் சொல்லிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. ஒல்லியான மனுஷி, நனைத்த கைக்குட்டையால் நிமிஷத்துக்கு ஒருதரம் கழுத்தை ஒற்றிக்கொண்டே இருந்தார்.

“எனக்கு இப்பத்தான் நிக்கப்போற சமயம். மூணு மாசம் வராது, அப்புறம் வரும். திடீர்னு உடம்பு அனலா காயும், தூக்கம் புடிக்காது. இந்தக் கட்டத்துல இதெல்லாம் சகஜம். ஒரு வருசம் முழுசா நின்னதுக்கப்புறம் ஒரு சொட்டு பட்டாலும் டாக்டர்கிட்ட காட்டணும்.”

“தங்கச்சி வூட்டுல பண்டிகைங்க. முடிச்சுட்டு...”

“பண்டிகை அடுத்த வருசமும் வருங்க. நீங்க இருக்கணுமில்ல?”

கர்ப்பப்பையில் இருந்த புற்றுக்கட்டியை முற்றுவதற்குள் எடுத்துவிட்டார்கள். இன்று நன்றாக இருக்கிறேன். பெயர்கூடக் கேட்காமல் விட்ட அந்த மனுஷியை நினைக்காத நாளில்லை. அன்று ஆஸ்பத்திரி நிறுத்தம் வந்ததும், நான் எழுவேனா என்று பார்த்துக்கொண்டிருக்காமல், என் பையைத் தூக்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு எனக்கு முன்னால் இறங்கினார்.