பதினேழாம் நம்பர் வண்டிக்கு வந்த வியாதி

எலிஜியோ ஃபெலிஸுக்கு அந்தப் பிப்ரவரி மாதம் முழுக்கக் கழுத்துவரை கோபம் நிரம்பியிருந்தது. யார்மேல் காட்டுவது என்றுதான் தெரியவில்லை. வண்டிமேல் காட்டலாமென்றால் அது பதினாறு வருடமாகச் சோறு போடுகிற வண்டி. ஸ்டாண்டில் இருப்பவர்கள்மேல் காட்டலாமென்றால் அத்தனை பேரும் நல்லவர்கள். அதுதான் பெரிய தலைவலி. கெட்டவனாக இருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போய்விடலாம், நல்லவனை என்ன செய்ய முடியும், சொல்லுங்கள்.

பராஓனா ஊர்ச் சந்தை முனையில், நாட்டுவாதுமை மரத்தடியில் இருக்கிறது அந்த மோட்டோகோஞ்சோ ஸ்டாண்ட். மோட்டார் சைக்கிள் பின்சீட்டில் ஆளை ஏற்றிக்கொண்டுபோய்ச் சொன்ன இடத்தில் இறக்கிவிடும் இருபத்திரண்டு பேர் அங்கே நிற்பார்கள். ஆளுக்கொரு பச்சை மேல்சட்டை, முதுகில் நம்பர். எலிஜியோ பதினேழு. முப்பது வயதுவரை கரும்பு வெட்டிக்கொண்டிருந்தவன். முதுகு விட்டுப்போனதும், மைத்துனன் விற்ற பழைய வண்டியை வாங்கிக்கொண்டு இங்கே வந்து சேர்ந்தான். மற்றவர்கள் வண்டியெல்லாம் தெருமுனையில் திரும்பும்போதே ஊரை எழுப்பிவிடும். அவன் வண்டி பக்கத்தில் வந்து நின்றால்தான் தெரியும். அதில் அவனுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அந்தச் சத்தமில்லாத வண்டியில்தான் நர்ஸ் சுனில்தா மாத்தோஸ் பதினொரு வருடமாகப் போய்வந்துகொண்டிருந்தாள். மலைமேல் லா ஒர்கெத்தா என்ற ஊரில் இருக்கும் சின்ன மருந்தகத்தில் அவளுக்கு வேலை. காலை ஐந்தரைக்கு அவள் வீட்டு வாசலில் ஏற்றினால் மேலே போய்ச்சேர ஐம்பது நிமிடம். அந்த ஐம்பது நிமிடமும் அவள் அவன் காதோரம் பேசிக்கொண்டே வருவாள். புருஷன் குறட்டை, மலைக்காரப் பெண்களின் பிடிவாதம், சம்பந்தி வீட்டுச் சண்டை, எல்லாம் வரும். அவன் "ம்" கொட்டுவான். வீட்டுக்குப் போனால் நாற்காலியும் ரேடியோவும்தான் அவனுக்கு. பெண்டாட்டி போய் ஏழு வருடமாகிறது. ஒரு நாளில் அவனிடம் ஒருத்தர் பேசுவது என்றால் அது அந்த ஐம்பது நிமிடம்தான். இதை அவன் யாரிடமும் சொன்னதில்லை, ஆனால் உண்மை அதுதான்.

ஜனவரி கடைசியில் வண்டிக்கு வியாதி வந்தது. கீழே ஊருக்குள் தங்கமாக ஓடும். மலை ஏறும்போது, பாதி ஏற்றத்தில் இருக்கும் மாமரத்து வளைவுக்கு வந்ததும் இரண்டு முறை இருமும், மூன்றாவது இருமலில் அணைந்துவிடும். எத்தனை உதைத்தாலும் எழுந்திருக்காது. பத்து நிமிடம் சும்மா விட்டால் ஒன்றுமே நடக்காததுபோலக் கிளம்பும். டேங்கை ஆட்டிப் பார்த்தால் பெட்ரோல் தளும்புகிற சத்தம் நன்றாகவே கேட்கும். முதல் நாளே சுனில்தா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். நாலாவது நாள் பேச்சை நிறுத்திவிட்டாள்.

ஸ்டாண்டில் ஒரு வழக்கம் உண்டு. யார் வண்டி படுத்தாலும் எல்லோரும் ஒரு கை வைப்பார்கள். கூலி கிடையாது. ஆனால் வேண்டாமென்று சொல்லக்கூடாது, சொன்னால் அவன் மூஞ்சியில் அடித்த மாதிரி. ஸ்பேனரை எடுப்பதற்கு முன்னால், டேங்க் மூடியில் ஒட்டியிருக்கும் அல்தகிராசியா மாதா படத்தை இரண்டு விரலால் தொட்டு, விரலை உதட்டில் வைத்து முத்திக்கொள்ள வேண்டும். எலிஜியோ வண்டியில் இருந்தது, சுனில்தா அந்த ஜனவரித் திருவிழாவுக்கு இகுவேய் கோயில்வரை போய் வாங்கிவந்து, தன் கையாலேயே ஒட்டிய படம் அது.

முதலில் கை வைத்தவன் வாஸ்கர். முப்பது வயது, மூன்றாம் நம்பர், அந்த மரத்தடியிலேயே பெரிய மேதாவி. அவன் வண்டியில் கம்பெனி கொடுத்தது என்று சொல்லிக்கொள்ள ஹாண்டில்பார்கூட மிச்சமில்லை. வந்தான், மாதாவைத் தொட்டு முத்தினான், மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தான், முகர்ந்தான், மூடினான், உதைத்தான். வண்டி ஒரே உதையில் கிளம்பியது.

"என்னண்ணே, இது நல்லாத்தானே ஓடுது?"

"இங்க ஓடும்டா. மலையிலதான் நிக்குது."

"அப்ப மூச்சு முட்டுதுண்ணே. உன் சைலன்ஸர் இருக்கே, அது துணிய வாயில அடைச்ச மாதிரி. அறுத்து உள்ள இருக்கிறத உருவிப் போட்டா புகை சும்மா ஜம்முனு வெளிய போகும். கார்பரேட்டர் ஜெட்டையும் பெருசா மாத்திடறேன். பாரு, ஆடு மாதிரி ஏறும்."

"எனக்குச் சத்தம் வேணாம்டா வாஸ்கர்."

"சத்தமா முக்கியம்? நர்ஸம்மா மேல போய்ச் சேரணுமா வேணாமா?"

அறுத்தார்கள். உருவிய குழாயைப் பழைய இரும்புக்காரன் அன்றைக்கே அள்ளிக்கொண்டு போய்விட்டான். மறுநாள் வண்டி குரைத்துக்கொண்டே மலை ஏறியது. மாமரத்து வளைவில் இருமியது, நின்றது.

அடுத்து சாகோ. எலிஜியோவுக்கு ஒத்த வயசு, எதற்கெடுத்தாலும் கரண்ட்தான் கோளாறு என்பவன். "யோவ், அந்தப் பொடியன் பேச்சையா கேட்ட? சூடானா காயில் செத்துப்போகுது, ஆறினா உயிர் வருது. இதுகூடத் தெரியாம என்னய்யா வண்டி ஓட்டுற?" மாதாவைத் தொட்டு முத்தினான், காயிலை மாற்றினான், பிளக்கை மாற்றினான். மாற்றி முடித்ததும் பெட்ரோல் இருக்கிறதா என்று மூடியைத் திறந்து பார்த்தான். வண்டி பிரமாதமாகக் கிளம்பியது. மலையில் நின்றது.

பிறகு சங்கத் தலைவர் பியென்வே. "ஏப்பா எலிஜியோ, இவனுங்க ரெண்டு பேரும் முட்டாப் பசங்க. பெட்ரோல்ல தண்ணி கலந்திருக்கு. எல்லாத்தையும் இறக்கிட்டுப் புதுசா ஊத்து, ஒரு மூடி சாராயமும் சேர்த்து விடு." அதையும் செய்தான். வண்டி ரம் வாசனையோடு நின்றது.

இப்படியே மூன்று வாரம். செயின் ஓடுகிற முன் பல்சக்கரத்தை, அந்த ஸ்ப்ராக்கெட்டை, ஒருத்தன் சின்னதாக்கினான். வால்வை ஒருத்தன் இறுக்கினான், இன்னொருத்தன் தளர்த்தினான். ஒவ்வொருத்தனும் முந்தினவனைத் திட்டிவிட்டுத்தான் ஆரம்பித்தான். மரத்தடியில் எங்கே பார்த்தாலும் இவன் வண்டிப் பேச்சு. வாழைக்காய் வறுத்து விற்கிற அம்மாள்கூட எண்ணெய்க் கரண்டியை நீட்டி, "செயினக் கொஞ்சம் லூசா விட்டுப் பாரேன்" என்றாள். எலிஜியோ எல்லோருக்கும் "சரிதான், சரிதான்" என்று தலையாட்டினான். ராத்திரி படுத்தால் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தான்.

ஒரு வியாழக்கிழமை, வளைவில் நின்றுகொண்டு சுனில்தா சொன்னாள்: "நாளைக்குக் குழந்தைகளுக்குத் தடுப்பூசி, எலிஜியோ. ஐஸ் பெட்டி வருது. வெயில்ல நின்னா மருந்து அத்தனையும் வீண். நாளைக்கும் நின்னுச்சுன்னா திங்கக்கிழமைலேர்ந்து நான் வாஸ்கர் வண்டியில போறேன். தப்பா எடுத்துக்காத."

அவன் "ம்" என்றான்.

வெள்ளிக்கிழமை டேங்க் நிறைய ஊற்றி, மூடியை இறுக்கித் திருகிக்கொண்டு போனான். சுனில்தா மடியில் நீலப் பெட்டியை அணைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஊர் எல்லை தாண்டியதும் பின்னால் ஒரு வண்டிச் சத்தம். திரும்பிப் பார்த்தால் வாஸ்கர்.

"எதுக்குடா பின்னாலயே வர?"

"தலைவர்தான் அனுப்பினாருண்ணே. நின்னுட்டா ஒத்தாசைக்கு. உன் நல்லதுக்குத்தான்."

உன் நல்லதுக்குத்தான்! எலிஜியோவுக்குக் காது மடலெல்லாம் எரிந்தது. மாமரத்து வளைவு வந்தது. வண்டி ஒரு முறை இருமியது, இரண்டு முறை, மூன்று முறை. அணைந்தது. அவன் உதைத்தான், உதைத்தான், கெண்டைக்கால் விட்டுப்போகிறவரை உதைத்தான். சுனில்தா பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் வாஸ்கரின் பின்சீட்டில் ஏறினாள். வாஸ்கர் போகிற போக்கில், "ஸ்ப்ராக்கெட்ட இன்னும் ஒரு பல்லு குறைச்சிருக்கணும்ணே" என்று சொல்லிவிட்டுப் போனான்.

எலிஜியோ வழியில் யாருமில்லை என்று பார்த்துக்கொண்டு வண்டியைக் கெட்ட வார்த்தையில் திட்டினான். அதன் தாயை, அதை விற்ற மைத்துனனை, அவனுக்குப் பெண் கொடுத்த குடும்பத்தை. திட்டி முடித்ததும் அழுகை வந்தது. போதும், இந்தப் பெட்ரோலை எல்லாம் மண்ணில் கொட்டிவிட்டு வண்டியை உருட்டிக்கொண்டு போய்விடலாம் என்று டேங்க் மூடியைத் திருகினான்.

உஸ்ஸ் என்று காற்று உள்ளே போனது.

அவன் கை அப்படியே நின்றது. மூடியை மறுபடி இறுக்கினான், உதைத்தான். ஒரே உதை, கிளம்பிவிட்டது. அணைத்தான். மூடியைக் கழற்றித் திருப்பிப் பார்த்தான். அடிப்பக்கம் நடுவில் ஊசிமுனை அளவுக்கு ஒரு ஓட்டை. டேங்குக்குள் காற்றுப் போகிற ஒரே வழி அதுதான். மேல்பக்கம் அந்த ஓட்டையின்மேல் மாதா அழகாக ஒட்டிக்கொண்டிருந்தாள். பெட்ரோல் குறையக் குறைய உள்ளே காற்றுப் போகாமல் டேங்க் பிடித்துக்கொள்ளும், கீழே ஒரு சொட்டு இறங்காது. ஊருக்குள் பெட்ரோலைப் பாட்டில் பாட்டிலாக வாங்கி ஊற்றியபோதும், ஸ்டாண்டில் ஆளாளுக்கு எட்டிப் பார்த்தபோதும் மூடியைத் திறந்துகொண்டே இருந்ததால் வியாதி தெரியவில்லை. அடக் கடவுளே! இருபத்தோரு பேர் அந்த இடத்தைத் தொட்டு முத்தமிட்டுவிட்டுத்தானே வேலையை ஆரம்பித்தார்கள். மாதாவை உரித்துப் பார்க்க யாருக்குக் கை வரும்?

நகத்தால் உரித்தான். படம் இரண்டாகக் கிழிந்தது. மேல்சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு ஒரே மூச்சில் மலை ஏறினான்.

மருந்தகத் திண்ணை வெயிலில் தாய்மார் வரிசை நின்றிருந்தது. உள்ளே ஒரு கிழவருக்கு குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. சுனில்தா கடைசிக் குழந்தைக்கு ஊசி போடுகிறவரை காத்திருந்து, கிழிந்த படத்தை எடுத்து மேஜைமேல் வைத்தான்.

"மாதாவக் கிழிச்சுட்டியா?" அவள் முகம் வெளுத்துவிட்டது.

"கோவிச்சுக்காதீங்க நர்ஸம்மா. மூடியில காத்துப் போறதுக்கு ஒரு ஓட்டை இருக்கு. அதுமேல ஒட்டியிருந்துச்சு. காத்துப் போகலன்னா பெட்ரோல் இறங்காது. அதான்..."

அவள் கிழவரின் குளுக்கோஸ் பாட்டிலைப் பார்த்தாள். கவிழ்ந்து தொங்கிய பாட்டிலில், காற்றுக்காக அவளே குத்திவைத்த ஊசி ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. அந்த ஊசியைக் குத்தாவிட்டால் மருந்து சொட்டாது என்பதை இருபது வருடமாகத் தினம் பார்ப்பவள் அவள்.

"நான் ஒட்டினது" என்றாள் மெதுவாக. "என் கையாலதான் ஒட்டினேன்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்? அங்க இருக்கிற இருபத்தோரு மேதாவிக்கே தெரியல."

அவள் சிரிக்கவில்லை. "திங்கக்கிழமை அஞ்சரைக்கு வந்துடு" என்று மட்டும் சொன்னாள்.

சனிக்கிழமை மரத்தடியில் எலிஜியோ விஷயத்தைச் சொல்லப் பார்த்தான். யார் கேட்கிறார்கள்! "என் ஜெட்டு இப்பத்தான் செட் ஆகியிருக்கு" என்றான் வாஸ்கர். "காயில்யா, காயில்" என்றான் சாகோ. பியென்வே மட்டும் மொட்டை மூடியைப் பார்த்துவிட்டு, "மாதா மேல பழி போடாதப்பா, பாவம்" என்றார். அவன் காப்பி வாங்கப் போய்த் திரும்பி வருவதற்குள், எல்லோருமாகச் சேர்ந்து முன்னைவிடப் பெரிய மாதா படம் ஒன்றை வாங்கிவந்து, நல்ல கெட்டிப் பசை போட்டு, மூடி முழுக்க ஒட்டிவிட்டு வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். இருபத்தோரு முகத்திலும் அப்படி ஒரு சந்தோஷம். எலிஜியோவுக்கு மூடியைக் கழற்றி அவர்கள் தலையில் எறியலாம் போலிருந்தது. "சரிதான்" என்றான்.

திங்கட்கிழமை சுனில்தா வாசலுக்கு வந்ததும் மூடியைக் காட்டினான். பார்த்தாள். பையைத் திறந்து புது ஊசி ஒன்றை எடுத்தாள், சிலுவை போட்டுக்கொண்டாள், "மன்னிச்சுக்கோ தாயே" என்று சொல்லி, மாதாவின் நீலப் போர்வை நடுவில் குத்தி எடுத்தாள். பிறகு ஏறி உட்கார்ந்தாள்.

வண்டி கிளம்பியது. ஊர் எல்லை தாண்டியதும் அவள் பேச ஆரம்பித்துவிட்டாள் என்று அவனுக்குத் தெரிந்தது. மூச்சுக் காற்று காதில் பட்டது, ஒரு சொல்கூட விழவில்லை. அறுபட்ட சைலன்ஸர் மலை முழுக்கக் குரைத்துக்கொண்டிருந்தது. ஒரு மாதமாக எந்தப் பேச்சுக்காக இத்தனை பேர் கையையும் பொறுத்துக்கொண்டானோ, அந்தப் பேச்சு இப்போது பின்னாலேயே இருந்தும் கேட்கவில்லை. "ம்" என்று சொல்லிப் பார்த்தான். அவன் குரலே அவனுக்குக் கேட்கவில்லை.

மாமரத்து வளைவு வந்தது. வண்டி இருமவில்லை, மூச்சு வாங்கவில்லை, இழுத்துக்கொண்டு ஏறியது. எலிஜியோ ஓரமாக நிறுத்தி, தானே சாவியைத் திருப்பி அணைத்தான்.

"ஐயோ, மறுபடியும் நின்னுடுச்சா?" என்றாள் சுனில்தா.

"இல்ல, நாந்தான் நிறுத்தினேன். நீங்க பேசினது எதுவுமே காதுல விழல."

"எதுவுமேவா? கீழேர்ந்து உங்கிட்ட மன்னிப்பு கேட்டுக்கிட்டே வரேனேப்பா!"

"விழல நர்ஸம்மா" என்றான் எலிஜியோ. "முதல்லேர்ந்து சொல்லுங்க."