கீழ்க்கணக்குத் தண்டவாளம்

எங்கள் நற்பணி மன்றத்தின் ஆண்டு விழாவில் மன்றம் பிறந்த கதையை ஒலிபெருக்கியில் சொன்னார்கள். சொன்னவர் ஹட்டன் டவுனில் கடை வைத்திருக்கும் ஒரு பிரமுகர். "சமூக அக்கறை கொண்ட சில இளைஞர்கள் ஒன்றுகூடிச் சிந்தித்ததன் விளைவே இம்மன்றம்" என்றார். நான் பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். ஒருவரும் ஒன்றுகூடிச் சிந்திக்கவில்லை. ஒரு பெண் பிள்ளை பெற முடியாமல் கிடந்தாள், தூக்கிப் போக ஆள் வரவில்லை, அதுதான் மன்றம் பிறந்த கதை. மேடையில் மாலையோடு உட்கார்ந்திருந்த தலைவருக்கு அது நன்றாகத் தெரியும். தலைவர் என் கூடப்பிறந்த அண்ணன்.

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் இரண்டு பிரிவுகள். மேல்கணக்கு, கீழ்க்கணக்கு என்போம். மேல்கணக்கு ரோட்டோரம். பஸ், கடை, ஆட்டோ எல்லாம் அங்கேதான். கீழ்க்கணக்கு பள்ளத்தில், ஆற்றை ஒட்டி இருக்கிறது. அங்கிருந்து ரோட்டுக்கு வர தேயிலைக்கு நடுவே படியும் சறுக்கலுமாக ஏற வேண்டும். வண்டி இறங்காது. ஊரெல்லாம் போன் வந்த பிறகும் சிக்னல் எங்கள் பள்ளத்துக்கு இறங்கவில்லை. பேச வேண்டுமென்றால் கோயில் மேட்டுக்கு ஏறிப்போக வேண்டும். நான் பிறந்தது அங்கே. தோட்டப் பாடசாலையில் டீச்சரான பிறகும், அப்பா காலமான பிறகும், கணவர் கொழும்புக்கு வேலைக்குப் போன பிறகும், அம்மாவோடு அதே லயத்து வரிசை வீட்டில்தான் இருக்கிறேன்.

அந்தப் பெண் பக்கத்துக் காம்பரா வீட்டில் இருந்த அக்கா. நான் அப்போது சின்னப் பிள்ளை. ஆட்கள் கொழுந்து பறிக்க மலைக்கு ஒரு பக்கம், விறகுக்கு ஒரு பக்கம் என்று சிதறிப் போயிருந்த நேரத்தில் அவளுக்கு வலி கண்டுவிட்டது. அவளுடைய மாமியார் மழையில் நனைந்துகொண்டு கூப்பிட்டுக் கூப்பிட்டுத் திரிந்தார். ஆற்றுச் சத்தத்தில் ஒருவருக்கும் கேட்கவில்லை. ஆட்கள் சேர்ந்து ரோட்டுக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அக்கா பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை.

அப்பா அப்போது தேயிலை ஃபெக்டரியில் வேலை செய்தார். அதற்குப் பின்னால் துருப்பிடித்துக் கிடந்த தண்டவாளத் துண்டு ஒன்றைத் தோட்டத்துத் துரையிடம் கேட்டு வாங்கினார். சிநேகிதர்களோடு தூக்கி வந்து, லயத்துக் கோடியில் நின்ற சவுக்கு மரத்தில் கம்பி போட்டுத் தொங்கவிட்டார். அடித்தால் பள்ளம் முழுக்கக் கேட்கும். மேல்கணக்குக் கடை வரைக்கும் கேட்கும்.

சட்டம் ஒன்றுதான். சத்தம் கேட்டால் வர வேண்டும். எந்த வீடு, எந்தத் தொழிற்சங்கம், போன மாதம் யாரோடு என்ன சண்டை என்றெல்லாம் கேட்கக் கூடாது. சோற்றில் கை வைத்திருந்தாலும் உதறிவிட்டு வர வேண்டும். கீழே இருப்பவர்கள் மூங்கிலும் கம்பளியுமாக ஓடிவருவார்கள். கம்பளியை மூங்கிலில் தூளி மாதிரிக் கட்டி, ஆளைக் கிடத்தி, தோள் மாற்றி மாற்றி மேலே ஏறுவார்கள். மேலே இருப்பவர்கள் அதற்குள் கொழுந்து லொறியையோ வேனையோ மறித்து ரோட்டில் நிறுத்தி வைத்திருப்பார்கள்.

தண்டவாளத்தை அடிக்க ஒரு பெரிய போல்ட் இருந்தது. அது மரத்தடியில் கிடக்காது. கடைசியாக யாரைத் தூக்கிப்போனார்களோ அவர் வீட்டில் இருக்கும். அடுத்து யாருக்காவது முடியாமல் போனால், அந்த வீட்டுக்கு ஓடி போல்டை வாங்கி அடிக்க வேண்டும். அந்த வீட்டு ஆண் பிள்ளைதான் மூங்கிலுக்கு முதல் தோள் கொடுக்க வேண்டும். இப்படி யார் வகுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. உன்னைத் தூக்கினார்கள், இனி நீ தூக்கு. இதில் விளங்காமல் போக என்ன இருக்கிறது?

அண்ணன் இந்தச் சத்தத்தில் வளர்ந்தவர். மீசை முளைக்கும் முன்பே மூங்கிலுக்குத் தோள் கொடுத்தவர். சறுக்கலான இடத்தில் எப்போதும் அவர்தான் முன்னால் போவார். வலது தோள் காய்த்துப்போய் இருக்கும். அம்மா நல்லெண்ணெய் தேய்த்துவிடும்போது, "இந்தத் தோளுக்கே ஒரு நல்ல பொண்ணு கெடைக்கும்டா" என்று கேலி செய்வார். எனக்கு அண்ணனைப் பற்றி அவ்வளவு பெருமை. பள்ளிக்கூடத்தில் யாராவது என்னைச் சீண்டினால் அந்தத் தோளைத்தான் நினைத்துக்கொள்வேன்.

இந்தத் தூக்கும் கூட்டத்துக்குத்தான் பிறகு நற்பணி மன்றம் என்று பெயர் வந்தது. வெள்ளம் வந்தால் லயத்துக் கூரைக்குத் தகரம் போட்டார்கள். திருவிழாவுக்குப் பாதை வெட்டினார்கள். அண்ணன் ஹட்டனில் ஒரு இரும்புக் கடையில் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே வீடு எடுத்துக்கொண்டு போனார். டவுன் பிரமுகர்கள் பழக்கமானார்கள். மன்றத்துக்கு டீ-சேர்ட் வந்தது, பதாகை வந்தது. கண் முகாம், கொப்பி வழங்கல், மரம் நடல் என்று ஒவ்வொன்றாக வந்தது. அதையெல்லாம் நான் குறை சொல்ல மாட்டேன். என் வகுப்புப் பிள்ளைகளே அந்தக் கொப்பியில்தான் எழுதினார்கள். அம்மாவுக்கு மூக்குக்கண்ணாடி கிடைத்ததும் கண் முகாமில்தான். ஒரு பொருளைக் கொடுக்கிறவரும் வாங்குகிறவரும் சேர்ந்து கெமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும் என்பது மட்டும் எனக்குப் பிடிபடவில்லை.

பிறகு மன்றத்துக்கு மண்டபம் கட்டினார்கள். கட்டியது மேல்கணக்கில். பிரமுகர்களின் கார் வந்து நிற்க ரோடு வேண்டுமே. மண்டபத்துக்கு மணல் எங்கள் ஆற்றிலிருந்து போனது. ஞாயிற்றுக்கிழமைகளில் கீழ்க்கணக்குப் பெண்கள் கொழுந்துக் கூடையில் மணலைச் சுமந்துகொண்டு ஏறினோம். நானும் சுமந்தேன். "மண்டபம் முடிஞ்சதும் அடுத்த வேலை நம்ம பாதைதான். ஆட்டோ எறங்குற மாதிரி கொங்கிரீட் போட்டுருவோம்" என்றார் அண்ணன். அவர் சொன்னால் எங்களுக்குப் போதும்.

அந்த ஆண்டு விழாவுக்கு முந்தின வாரம் அண்ணன் டீ-சேர்ட் போட்ட பையன்களோடு லயத்துக்கு வந்தார். தண்டவாளத்தை மண்டபத்தில் வைத்து எல்லோருக்கும் காட்ட வேண்டுமாம்.

"விழாவுக்குத்தாம்மா. முடிஞ்ச மறுநாளே கொண்டாந்து மாட்டிருவேன்" என்றார்.

"அதுவரைக்கும் யாருக்காச்சும் ஒண்ணுன்னா என்னாண்ணே செய்றது?" என்று நான் கேட்டேன்.

"என்னா பாப்பா, நான் இந்த லயத்துப் பிள்ளை இல்லையா?" என்று சிரித்தார்.

அம்மா என்னை முறைத்தார். அப்பா தொங்கவிட்ட தண்டவாளத்தை அப்பாவின் மகன்தானே கேட்கிறார். பையன்கள் அதைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு போனார்கள். போல்டைப் பற்றி அண்ணன் வாயே திறக்கவில்லை. அது அப்போது கோடிக் காம்பரா அத்தை வீட்டில் இருந்தது. அதை மறந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

விழா முடிந்தது. தண்டவாளம் மறுநாள் வரவில்லை, மறு வாரமும் வரவில்லை. தேயிலை ஒரு சுற்றுக் கவ்வாத்து வெட்டி மறுபடி துளிர் விட்டது. மரத்தில் வெறும் கம்பி தொங்கிக்கொண்டிருந்தது. துணி காயப்போட அதை அவிழ்த்துக்கொள்ளலாமா என்று பக்கத்து வீட்டில் கேட்டார்கள். அம்மா விடவில்லை. "கம்பிய அப்புடியே விடுங்க. அவன் கொண்டாந்தா மாட்டணும்ல" என்றார். நான் முணுமுணுத்தால், "அவன் என் வயித்துல பொறந்தவன். கொண்டாருவான்" என்பார். அத்தோடு பேச்சு முடிந்துவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மாவுக்கு மூச்சிழுப்பு வந்தது. எப்போதும் வருவதுதான், ஆனால் அன்று மருந்துக்கு அடங்கவில்லை. உதடு நீலம் பாரித்துவிட்டது. நான் கோடிக் காம்பராவுக்கு ஓடினேன். அத்தை என் முகத்தைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் உள்ளே போய் போல்டை எடுத்து வந்து கையில் கொடுத்தார். இரண்டு பேருமாகச் சவுக்கு மரத்துக்கு ஓடினோம். போல்டை ஓங்கிய பிறகுதான் எதிரே ஒன்றும் இல்லை என்று தெரிந்தது.

எத்தனை மாதமாக அந்த வெறும் கம்பியைப் பார்த்துக்கொண்டு பாடசாலைக்குப் போய் வந்திருக்கிறேன். அத்தை அந்த மரத்தடியில்தான் தினமும் விறகு பிளக்கிறார். எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்ததுதான், ஆனாலும் கால் அங்கேதான் ஓடியது. பிள்ளையில் இருந்து அப்படிப் பழகிய கால். அத்தை மரத்தைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார்.

ஆண்கள் மரக்கறித் தோட்டத்திலும் ஆற்றிலுமாக இருந்தார்கள். மூடுபனியில் எவ்வளவு கத்தினாலும் நாலு காம்பராவுக்கு மேல் போகாது. மேட்டுக்கு ஏறிப் போன் பேசப் போனால் அம்மாவை யார் பார்ப்பது? கடைசியில் வீட்டில் இருந்த பெண்களே தூக்கினோம். அத்தை, வயசுக்கு வந்த ஒரு பெண், கைப்பிள்ளைக்காரி ஒருத்தி, நான். மூங்கில் தோளில் இறங்கும்போது எலும்பு நொறுங்குகிற மாதிரி இருந்தது. அண்ணனின் தோள் ஏன் காய்த்தது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. சறுக்கலில் இரண்டு தரம் கம்பளியைக் கீழே வைத்து மூச்சு வாங்கினோம். அம்மா ஒவ்வொரு தரமும் கண்ணைத் திறந்து மேலே, ரோட்டுப் பக்கம் பார்த்தார். யாரைத் தேடினார் என்று எனக்குத் தெரியும்.

ரோட்டுக்கு வந்தபோது மண்டபத்துக்கு வெளியே கார்கள் நின்றன. உள்ளே சக்கர நாற்காலி வழங்குகிறார்கள். ஒலிபெருக்கியில் அண்ணன் குரல். மண்டபத்துக்குள் ஓடி அவரைக் கூப்பிட எனக்கு மனம் வரவில்லை. ரோட்டில் நின்ற ஆட்டோவில் அம்மாவை ஏற்றி நாங்களே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இன்னும் சுணங்கியிருந்தால் கஷ்டம் என்றார் டாக்டர். அம்மா பிழைத்துக்கொண்டார். ஆனால் அதற்குப் பிறகு அவரால் நாலு வார்த்தை சேர்த்துப் பேச முடியவில்லை. ரோட்டுக்கு ஏறுவது அத்தோடு முடிந்தது.

அண்ணன் சாயந்தரம் ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தார். அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். அது பொய்யழுகை என்று சொன்னால் நான் பாவி. அழுது முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் திரும்பினார்.

"ஒரு போன் பண்ணியிருக்கலாமே பாப்பா."

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. வேறு யார் கேட்டிருந்தாலும் பொறுத்திருப்பேன். அந்தப் பள்ளத்தில் பிறந்து, போன் பேச மேட்டுக்கு ஏறி ஏறிக் களைத்த மனிதர் கேட்கிறார். அம்மா கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தார். தூங்கவில்லை.

அம்மா வீட்டுக்கு வந்த அன்று அத்தை போல்டைக் கொண்டுவந்து எங்கள் வாசற்படியில் வைத்தார். கடைசியாகத் தூக்கியது அம்மாவைத்தானே. இனி அது எங்கள் வீட்டில் இருக்க வேண்டும். முதல் தோள் எங்கள் வீட்டு ஆண் பிள்ளை கொடுக்க வேண்டும். அடுத்த ஞாயிறு நான் போல்டைச் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு மண்டபத்துக்குப் போனேன்.

விழாவன்று தூரத்தில் கதிரையில் இருந்து பார்த்ததில் எனக்குத் தண்டவாளத்துக்குப் போட்ட மாலைதான் தெரிந்தது. கிட்டப் போனபோதுதான் முழுதாகப் பார்த்தேன். தண்டவாளத்தை நிமிர்த்தி வைத்து, அடியில் சிமெந்து போட்டுப் பூசி நட்டிருந்தார்கள். மேலிருந்து கீழ்வரை தங்க நிறப் பெயின்ட். மறுநாள் கழற்றிக்கொண்டு வருகிற பொருளை யாராவது சிமெந்தில் நடுவார்களா? விழாவன்றும் இது இதே இடத்தில் நிமிர்ந்துதான் நின்றது, அப்படியென்றால் விழாவுக்கு முன்பே பூசிய சிமெந்து அது. எங்கள் வாசலில் சிரித்துக்கொண்டு நின்ற அன்றே அண்ணனுக்கு இது தெரியும். போல்டையும் அவர் மறக்கவில்லை. அடிக்கப்போவதில்லை என்று தெரிந்தவருக்குப் போல்ட் எதற்கு?

அண்ணன் உள்ளேயிருந்து வந்தார். நான் போல்டை நீட்டினேன்.

"இது இப்ப நம்ம வீட்டுக்கு வந்திருச்சுண்ணே. புடிங்க."

அவர் வாங்கவில்லை. "இதெல்லாம் நம்ம வரலாறு பாப்பா. பெரிய ஆளுங்கல்லாம் வந்து பார்க்குறாங்க. கீழ கெடந்தா துருப்புடிச்சுப் போயிரும்" என்றார்.

"அம்மாவுக்கு மூச்சு நின்னுருந்தா?"

நான் போல்டை ஓங்கித் தண்டவாளத்தில் அடித்தேன். பள்ளம் முழுக்கக் கேட்ட இரும்பு, கட்டையில் தட்டின மாதிரி டொக்கென்றது. தொங்கினால்தான் அது பேசும். இரும்புக் கடையில் இத்தனை வருசம் வேலை செய்தவருக்கு அது தெரியாதா?

அண்ணன் எட்டி என் கையைப் பிடித்தார். அடி விழுந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"மெதுவா," என்றார். "பெயின்ட் போயிரும்."

நான் அவர் முகத்தைப் பார்க்காமல் இறங்கி வந்துவிட்டேன். வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தேன். வீட்டில் அம்மா வாசலில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, சவுக்கு மரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். என் கையில் இருந்த போல்டைப் பார்த்தார். எனக்குப் பின்னால் பாதையைப் பார்த்தார். யாரும் வரவில்லை.

"தரலையா?"

"சிமெந்து போட்டு நட்டுட்டாரும்மா."

அம்மா நிறைய நேரம் மூச்சு வாங்கினார். அண்ணனுக்காக ஏதாவது சொல்லப் போகிறார் என்று நான் பதில் தேடிக்கொண்டு நின்றேன்.

"அந்தக் கம்பிய," என்றார். மூச்சு வாங்கினார். "அவுத்துரு."