குறுக்கே போட்ட கட்டில்

லஸ் முனையில் வெண்டைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். வசந்தாவின் போன் வந்தது. "மாடி வீட்டு ஹான் சார் எழுந்திருக்கலைங்க. தட்டித் தட்டிப் பார்த்துட்டேன். சீக்கிரம் வாங்க" என்றாள். என் மனைவியின் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை. காயைக் கடையிலேயே போட்டுவிட்டு ஓடினேன். தூக்கத்திலேயே போயிருந்தார்.

மந்தைவெளியில் அவரைத் தெரியாதவர்கள் குறைவு. நகருக்கு வெளியே ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலைக்கு மேலாளராகக் கொரியாவிலிருந்து வந்தவர். ஓய்வு பெற்று, மனைவியும் காலமான பிறகு, ஊர் திரும்பாமல் எங்கள் மாடியிலேயே தங்கிவிட்டார். தமிழை ஆட்டோக்காரர்களிடமும் நொச்சிக்குப்பத்து மீன் கடைகளிலும் கற்றுக்கொண்டார். "நல்ல தமிழ் சொல்லித்தர ஆளா இல்லை?" என்று வசந்தா அங்கலாய்ப்பாள். அவர் அசரவில்லை. "இதுவே ஜோரா கீது அக்கா" என்பார்.

ஒருமுறை இருவரும் தேனாம்பேட்டைக்கு ஆட்டோவில் போனோம். கொரியா என்றதும் எல்லோரும் கேட்பதையே ஓட்டுநரும் கேட்டார். "வடக்கா, தெற்கா நைனா?"

"பொறந்தது வடக்கு. வளந்தது தெற்கு. இப்ப மந்தைவெளி."

"அப்ப நம்ம ஏரியாதான்!" என்று ஓட்டுநர் திரும்பிச் சிரித்ததில் சிக்னல் விழுந்ததைக் கவனிக்கவில்லை. பின்னால் வந்த பஸ்காரர் எங்கள் மூன்று பேரையும் சேர்த்துத் திட்டினார்.

அந்தப் பதிலுக்குப் பின்னால் என்ன இருந்தது என்பது அவர் குடிவந்த முதல் வாரமே எங்களுக்குத் தெரிந்துவிட்டது. கட்டிலை வடக்கே தலை இருக்கும்படி போட்டிருந்தார். வசந்தா பதறிவிட்டாள். "சார், வடக்கே தலை வைக்கவே கூடாது. எங்க வீட்டுல இது ஆகாது."

"எங்க ஊர்லயும் ஆகாது அக்கா" என்றார் அமைதியாக. "ஆனா எங்கம்மா அப்படித்தான் படுத்தாங்க. சாவுற வரைக்கும்."

பிறகு சொன்னார். போர் வந்தபோது கைக்குழந்தையான அவரை முதுகில் கட்டிக்கொண்டு அம்மா தெற்கே நடந்தாராம். பத்து வயது அக்காவைச் சித்தியிடம் விட்டு, சீக்கிரம் திரும்பி வருவதாகச் சொல்லிவிட்டு வந்தாராம். நடுவில் எல்லை மூடிக்கொண்டது. அக்கா கம்யூனிஸ்டு நாட்டிலும் இவர்கள் முதலாளித்துவ நாட்டிலுமாக ஆனார்கள். அம்மா அன்றிலிருந்து மகள் இருந்த திசையில் தலைவைத்துப் படுத்தார். அவருக்குப் பிறகு இவர்.

வசந்தா கீழே வந்தாள். ஆனாலும் அவளுக்கு மனம் ஒப்பவில்லை. இரண்டு பேரையும் விட்டுக்கொடுக்க எனக்கும் மனமில்லை. மகனின் பழைய அட்லஸை எடுத்துப் பார்த்தேன். சென்னையிலிருந்து வடகொரியா வடக்கே இல்லை, வடகிழக்கே இருந்தது. வசந்தாவின் முகம் மலர்ந்தது. "ஈசானிய மூலையா! அது சாமி மூலை ஆச்சே. தாராளமா வைக்கட்டும்."

அன்று முதல் மாடி அறையில் கட்டில் குறுக்கே கிடந்தது. பீரோவைத் திறக்க ஒருக்களித்துத்தான் நுழைய வேண்டும். முழங்காலில் இடித்துக்கொள்ளாமல் அந்த அறையைவிட்டு வந்தவர் யாருமில்லை.

டீக்கடையில் அவரை வைத்து நடந்த சண்டைகள் தெருக்காரர்களான உங்களுக்கு நினைவிருக்கும். தொழிற்சங்கத் தோழர் ஒருபக்கம், தி.நகர் ஜவுளிக்கடைக்காரர் மறுபக்கம். வடக்கே எல்லோரும் சமம் என்பார் தோழர். தெற்கு எப்படி முன்னேறியது பாருங்கள் என்பார் ஜவுளிக்கடைக்காரர். ஹான் சார் டீயை உறிஞ்சியபடி கேட்டுக்கொண்டிருப்பார். ஒருநாள் இருவரும் தீர்ப்புக் கேட்டார்கள். "ரெண்டு பேரும் கரெக்ட்டு" என்றார். "நடுவுல லெட்டர் மட்டும் போவல." எல்லோர் டீக்கும் ஜவுளிக்கடைக்காரர் காசு கொடுத்தார்.

எப்போதாவது இரண்டு அரசுகளும் மனமிரங்கி, பிரிந்த குடும்பங்களைச் சில நாட்கள் சந்திக்க விடும். அதற்குக் குலுக்கலில் பெயர் வர வேண்டும். ஒவ்வொரு முறையும் ஏமாந்தவருக்கு ஒருமுறை வந்தது. அக்காவுக்குக் கொடுக்க வசந்தா தி.நகரில் நாலு கடை ஏறி இறங்கி ஒரு பட்டுச் சால்வை எடுத்தாள். போய்வந்தவரிடம் தெருவே கூடிக் கேட்டது.

"அக்கா எங்கைய வுடவே இல்ல. எங்க இருக்கேன்னு கேட்டுச்சு. சென்னைன்னேன். அது வடக்கா, தெற்கான்னு கேட்டுச்சு. ரெண்டும் இல்லக்கா, கடலோரம்னேன்." அந்தச் சந்திப்புக்குப் பிறகு கடிதமில்லை, போனில்லை. மறுபடி சந்திக்கவும் விடமாட்டார்கள்.

"அதான் பார்த்துட்டீங்களே சார், இனிமே கட்டிலை நேரா போட்டுடலாமா?" என்று வசந்தா மெதுவாகக் கேட்டாள்.

"முன்ன உசுரோட கீதான்னே தெரியாம படுத்தேன் அக்கா. இப்ப அங்க கீது. இப்ப எப்படி மாத்துறது?"

சியோலிலிருந்து மகன் வரும்வரை உடலை எங்கள் கூடத்தில்தான் வைத்தோம். ஐஸ் பெட்டி கொண்டுவந்தவர், "தெக்கால தல வச்சாத்தான் சார் முறை" என்று பெட்டியை இழுக்கத் தொடங்கினார். வசந்தா குறுக்கே வந்து நின்றாள். "ஈசானிய மூலைக்குத் திருப்புங்க. அவங்க அக்கா அங்க இருக்காங்க."

"இன்னாம்மா, குறுக்கால வச்சா ஜனம் எப்படி நடக்கும்?"

"ஒதுங்கி நடக்கட்டும்."

ஒதுங்கித்தான் நடந்தோம். நீங்கள் எல்லோரும் சுவரோடு ஒட்டி நின்று மாலை போட்டீர்கள். மறுநாள் வந்த மகன் பெட்டி கிடந்த திசையைப் பார்த்தார், வசந்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

சடங்குகள் முடிந்து மகன் கிளம்பிய பிறகு மாடியை ஒழிக்கப் போனோம். அக்கா உயிரோடிருந்தால், தம்பி கடலோரத்தில் ஓர் ஊரில் இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருப்பார். யாரும் போய்ச் சொல்ல முடியாது. நான் கட்டிலின் கால்மாட்டைப் பிடித்தேன், நேராக்கி ஓரம் தள்ளலாம் என்று.

"வுடுங்க" என்றாள் வசந்தா. அவளுக்கே தெரியாமல் ஹான் சாரின் தமிழ் வந்துவிட்டிருந்தது. "அவங்களுக்குச் சேதி போற வரைக்கும் அப்படியே கிடக்கட்டும்."

கட்டில் அப்படியே கிடக்கிறது.