கீழ் வீட்டுத் தாசன் அண்ணை

அன்று காலை பனிச்சறுக்கு மலையின் மேல் குடிலில் ரெலிபோன் அடித்தபோது நான் கோபத்தோடுதான் எடுத்தேன். முதல் நாள் பெய்த மழை ஐஸாய் விறைத்துப்போய், குடிலின் கதவைத் திறக்கவே பெரும்பாடாகிவிட்டது. "மேல் வீட்டுக்காரி, எழும்பியாச்சோ?" என்று வழக்கமாகத் தாசன் அண்ணை கேட்பார். நான் இரண்டு வார்த்தை ஏசுவேன். அவர் சிரிப்பார். அதோடு எங்கள் வேலைநாள் தொடங்கும். ஆனால் அன்று வந்தது எங்கள் மேற்பார்வையாளர் பிரையனின் குரல். தாசன் இனி வரமாட்டார் என்றான். நித்திரையிலேயே போய்விட்டாராம். இதயமாம். ஒரே வீட்டில் கூட இருந்த இளைஞர்கள் விடிந்த பிறகுதான் கண்டார்களாம். அவன் சொல்லி முடிக்க நான் கேட்டது, "அப்படியென்றால் கீழே யார் நிற்கிறது?" என்பதைத்தான்.

அவரை ஸ்காபரோவில் டோர்செட் பார்க் தொடர்மாடியில் அறிந்தவர்கள் இந்த நினைவுக் குறிப்பை வாசிப்பீர்கள். ஊரில், பேசாலையில் மீன்பிடி வள்ளம் விட்ட காலத்திலிருந்து அறிந்தவர்களும் வாசிப்பீர்கள். ஆனால் ஸ்ரௌவ்வில்லையும் தாண்டி வடக்கே இருக்கும் அந்தச் சின்னப் பனிச்சறுக்கு மலையில் அவரோடு வேலை செய்த தமிழர் என்றால், சறுக்குச் சப்பாத்து வாடகைக்குக் கொடுக்கும் ரவியும் நானும்தான். அங்கே அவர் எப்படி இருந்தார் என்று நாங்கள் சொல்லாவிட்டால் உங்களுக்குத் தெரியப்போவதில்லை. ரவிக்கு எழுத வராது. ஆகவே நான் எழுதுகிறேன்.

மலை என்று மரியாதைக்குச் சொல்கிறேன். உண்மையில் அது கொஞ்சம் பெரிய மேடு. ஆட்களை மேலே ஏற்றிவிட ஒரு லிஃப்ற். கம்பியில் தொங்கிக்கொண்டு ஓடும் கதிரைகள், ஒவ்வொன்றிலும் இரண்டு பேர் இருக்கலாம். கீழே ஒரு பலகைக் குடில், மேலே ஒரு பலகைக் குடில், இரண்டுக்கும் இடையே ஒரு ரெலிபோன். கீழே நின்று ஆட்களைக் கதிரையில் இருத்துவது அவர். மேலே நின்று இறக்குவது நான். கீழ் வீடு, மேல் வீடு என்று பெயர் வைத்ததும் அவர்தான். ஐந்து குளிர்காலம் நாங்கள் அப்படி அயலாக இருந்தோம். நேரில் இருந்து கதைத்தது குறைவு, சாப்பிடப் போவதுகூட மாறி மாறித்தான். அவருடைய முகத்தைவிடக் குரல்தான் எனக்குக் கூடப் பழக்கம்.

வார நாட்களில் வருபவர்கள் அநேகமாக ஓய்வு பெற்ற வெள்ளைக்காரர்கள். சறுக்குவதைவிட வரிசையில் நின்று விவாதிப்பதற்குத்தான் வருகிறார்களோ என்று எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம். நேற்று அந்தக் குளிர் குளிர்ந்ததே, பனி அடிக்கும் இயந்திரத்தை ஏன் போடவில்லை? கிழக்குப் பாதையை எப்போது திறப்பார்கள்? வாசல் பலகையில் 'நல்ல நிலை' என்று எழுதியிருக்கிறதே, எந்தப் புண்ணியவான் போய்ப் பார்த்தான்? கேள்வியெல்லாம் தாசன் அண்ணையிடம்தான் வரும். அவர் வாழ்நாளில் ஒருநாளும் சறுக்கியதில்லை. ரெலிபோனைத் தூக்குவார்.

"மேல் வீடு, உங்கை நிலம் எப்பிடி?"

"ஒரே ஐஸ் அண்ணை. நான் வாசலிலையே சறுக்கி விழுந்திட்டன்."

"அடிகிடி பட்டுதோ?"

"மானம்தான் போச்சு."

உடனே அவர் வரிசையைப் பார்த்து, "டொப் ஐஸ். மை சிஸ்ரர் ஃபோல் டவுன்" என்று அறிவிப்பது எனக்கே கேட்கும். பச்சைத் தொப்பி போட்ட கிழவர் ஒருவர் அதற்குப் பிறகு என்னைக் காணும்போதெல்லாம் முழங்கால் எப்படி என்று விசாரிக்கத் தொடங்கிவிட்டார்.

அதே கிழவர்தான் அண்ணைமேல் முறைப்பாடும் கொடுத்தவர். எல்லாம் லிஃப்ற்றின் வேகத்தால் வந்த வினை. முதல்தரம் ஏறுகிறவர்கள், வயதானவர்கள், கை நடுங்கிக்கொண்டு வருகிறவர்கள் என்று யாரைக் கண்டாலும் அண்ணை லிஃப்ற்றை மெதுவாக்கிவிடுவார். அதோடு விடமாட்டார். எனக்கு அழைத்து, "நீலத் தொப்பி, தனிய வாறா. முகம் வெளிறிப்போச்சு. பாத்து இறக்கும்" என்பார். நீலத் தொப்பி மேலே வரும்போது நானும் என் பக்கத்துப் பொத்தானை அழுத்தி மெதுவாக்கி, கை கொடுத்து இறக்கவேண்டும். இறக்கிய பிறகு அவருக்கு அழைத்து, "இறங்கியாச்சு" என்று சொல்லவேண்டும். அப்படி ஒரு சட்டம் கொம்பனியில் கிடையாது. அது அவர் போட்ட சட்டம்.

நான் மறந்தால் அவரே அழைப்பார். "அந்தப் பிள்ளை இறங்கிச்சுதோ?" சனம் நிறைந்த நாட்களில் இது எனக்குத் தந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமில்லை. "இல்லையண்ணை, அப்பிடியே பறந்து வடதுருவம் போயிட்டா" என்று ஒருநாள் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "ஏத்தினது நான். இறங்கினதை நான் காணேலாது. நீர் சொன்னாத்தானே எனக்குத் தெரியும்" என்றார். அதற்குப் பிறகு அந்த விஷயத்தில் நான் பகிடி விட்டதில்லை.

கிழவரின் முறைப்பாடு மேலிடத்துக்குப் போய், தேவையில்லாமல் வேகத்தைக் குறைக்கக்கூடாது என்று பிரையன் வந்து சொல்லிவிட்டுப் போனான். அண்ணை தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். அவன் போன கையோடு எனக்கு அழைப்பு வந்தது. "ஒரு அம்மாவும் மகளும் வாறினம், மெதுவாத்தான் விட்டிருக்கிறன். கீழை வரேக்கை இவை வேகமாய் வரட்டும், ஆர் வேண்டாமெண்டது? ஏறேக்கை என்ன அவசரம்?"

ஒருமுறை ஸ்காபரோப் பள்ளிக்கூடம் ஒன்றிலிருந்து பஸ்ஸில் பிள்ளைகள் வந்தார்கள். அரைவாசி நம் பிள்ளைகள். ஜீன்ஸோடு பனிக்கு வந்திருந்தார்கள். அண்ணையின் முகத்தைப் பார்த்ததுமே கண்டுபிடித்துவிட்டார்கள். "அங்கிள், நீங்க தமிழா? அப்ப கொஞ்சம் ஃபாஸ்ராப் போடுங்கோ, பிளீஸ்!"

"ஓம், தமிழ்தான். உம்மட அம்மாவும் தமிழ்தானே? அவவுக்கு ஆர் பதில் சொல்லுறது?" என்று சொல்லி முன்னரைவிட மெதுவாக அனுப்பினாராம். "உங்கட அங்கிள் ரூ மச்" என்று அவர்கள் மேலே வந்து என்னிடம் முறையிட்டார்கள். அன்று நான் எத்தனை தரம் "இறங்கியாச்சு" சொன்னேன் என்பது எனக்கும் அந்த ரெலிபோனுக்கும்தான் தெரியும்.

அவருடைய மனைவி மெற்றில்டா அக்கா கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் விசாவுக்காகக் காத்திருந்தார். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அண்ணை இங்கே வந்து எட்டு வருடமாகியும் விசாப் பேப்பர் மேசைக்கு மேசை நகர்ந்துகொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை ரெலிபோன் காட் வாங்கி அக்காவோடு கதைப்பார். திங்கட்கிழமை காலை அது முழுவதும் எனக்கு ஒலிபரப்பாகும். தான் செய்யும் வேலையை அக்கா நம்பவில்லை என்பது அவருக்குப் பெரிய மனக்குறை. "ஆக்களைக் கதிரையிலை இருத்தி அனுப்பிறதுக்கும் ஆரும் சம்பளம் குடுப்பினமோ எண்டு கேக்கிறா. வரட்டும், அவவையே இருத்தி அனுப்பிக் காட்டுறன்." அக்காவுக்கு உயரம் என்றால் சரியான பயம். மொட்டை மாடியில் துணி காயப்போடக்கூட ஏறமாட்டாராம். அதைச் சொல்லிவிட்டு, "அதுக்குத்தானே நீர் மேலை நிக்கிறீர்" என்பார்.

நான் சைவ சமயம். அக்காவின் விசாவுக்காக றிச்மண்ட் ஹில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பதாக நேர்ந்திருந்தேன். வேதக்காரரான அவரிடம் இதைச் சொல்லலாமோ என்று யோசித்து யோசித்துச் சொன்னேன். "நல்லது. நான் அந்தோனியாரிட்டைச் சொல்லியிருக்கிறன். ஆர் முந்தினாலும் எனக்குச் சந்தோசம்" என்றார். மார்கழியில் விசா கிடைத்தது. தை மாதக் கடைசிக்கு ரிக்கற்றும் போட்டாயிற்று. நான் அந்தக் கிழமையே போய்த் தேங்காயை உடைத்தேன். அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால், பிள்ளையாரோடு எனக்கு இன்னும் கோபம்தான். நீங்கள் குறை நினைத்தாலும் பரவாயில்லை.

விசா வந்த சூட்டோடு அக்காவுக்கு ஒரு கோட் வாங்கினார். கண்ணைக் குத்தும் சிவப்பு. "ஏனண்ணை இந்தச் சிவப்பு?" என்று கேட்டேன்.

"அவ மேலை இறங்கி நிக்கேக்கை கீழையிருந்து எனக்குத் தெரியவேண்டாமோ?"

சனம் வருமுன் காலையில் வெறும் கதிரைகளை ஒரு சுற்று ஓடவிட்டுப் பார்ப்பது எங்கள் வழமை. ஒரு காலை ரெலிபோன் அடித்தது. "மேல் வீடு, என்ர மனிசி வாறா. மெதுவாக்கும்." திடுக்கிட்டு வெளியே வந்து பார்த்தால், தூரத்தில் ஒரு கதிரையில் சிவப்புக் கோட் இருந்து வருகிறது. உள்ளே பழைய பேப்பரைத் திணித்து, கதிரையோடு பெல்ற்றால் கட்டி, மேலே தன் கம்பளித் தொப்பியையும் வைத்திருந்தார். நான் சிரித்த சிரிப்பில் பொத்தானை அழுத்தப் பிந்திவிட்டேன். கோட் என்னைக் கடந்து, சுற்றிக்கொண்டு கீழே திரும்பிவிட்டது.

"என்ன, என்ர மனிசியைத் திருப்பி அனுப்பிப்போட்டீர்?" ரெலிபோனில் அவர் குரல் உண்மையாகவே பதறியது. "இதுக்குத்தான் பழகவேணுமெண்டது. திரும்ப விடுறன், கவனம்."

இரண்டாந்தரம் நேரத்துக்கு மெதுவாக்கினேன். பெல்ற்றை அவிழ்த்து, கோட்டை இரண்டு கையாலும் தூக்கி இறக்கி, பனியில் நிறுத்திவைத்தேன். குடிலுக்குள் போய், "இறங்கியாச்சு" என்றேன்.

"பயந்தவவோ?" என்று கேட்டார்.

"இல்லையண்ணை. சிரிச்சுக்கொண்டுதான் இறங்கினா."

அக்கா வர ஒரு கிழமை இருக்கும்போது அவர் போய்விட்டார்.

கொழும்பிலேயே அக்காவுக்குச் சொல்லிவிட்டார்கள். கணவனோடு வாழ எடுத்த ரிக்கற்றில் அவருடைய செத்தவீட்டுக்கு வந்து இறங்கினார். உடல் அவருக்காகக் காத்திருந்தது. ரவியும் நானும் விமான நிலையத்துக்குப் போனோம். அவருடைய அறையிலிருந்த அந்தச் சிவப்புக் கோட்டை நான் எடுத்துக்கொண்டு போயிருந்தேன். வெளியே அப்படி ஒரு குளிர்.

அக்கா கோட்டைக் கையில் வாங்கிப் பார்த்தார். "இதுவோ அவர் சொன்ன கோட்டு?"

"ஓம் அக்கா. போடுங்கோ, வெளியிலை தாங்கேலாது."

"தான்தான் போட்டுவிடுவன் எண்டு சொன்னவர்" என்றார். பிறகு அதை மடித்துக் கையில் போட்டுக்கொண்டு, சேலையோடும் மெல்லிய சுவெற்றரோடும் கார் நிற்கும் இடம்வரை அந்தக் குளிருக்குள் நடந்தார். நான் கெஞ்சிப் பார்த்தேன். கடைசியில் ரவி தன் ஜக்கெற்றைக் கழற்றி அவர் தோளில் போட்டான். செத்தவீட்டில் அக்கா போட்டிருந்த கறுப்புக் கோட் யாரோ இரவல் கொடுத்தது. அது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். சிவப்பு எங்கே போனது என்று உங்களுக்குத் தெரிந்திருக்காது.

பங்குனியில், மலை மூடுவதற்குச் சில நாட்களே இருக்கும்போது, அக்கா எனக்கு ரெலிபோன் எடுத்தார். "தங்கச்சி, அவர் ஆக்களை இருத்தி அனுப்பின கதிரை இன்னும் ஓடுதோ?"

"ஓடுது அக்கா."

"நான் ஒருக்கா ஏறலாமோ?"

அன்று பனி கஞ்சியாய் இளகிக் கிடந்தது. அங்கங்கே மண் தெரிந்தது. இன்னும் எத்தனை நாள் தாங்கும், இந்தச் சனிக்கிழமையோடு மூடிவிடுவார்களா என்று கிழவர்கள் வரிசையில் விவாதித்துக்கொண்டிருந்தார்கள். ரவி பிரையனிடம் கேட்டு அன்றைக்குக் கீழே நின்றான். ரெலிபோன் அடித்தது. "அக்கா வாறா" என்றான்.

இந்தமுறை நான் பிந்தவில்லை. சிவப்பு கண்ணில் பட்ட உடனேயே மெதுவாக்கினேன். அக்கா இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடியபடி வந்தார். கோட் அவருக்குப் பெரிதாக இருந்தது. தோள் இறங்கி, கோட்டின் கைகள் விரலை மூடிக் கிடந்தன. அண்ணை விட்டுவிட்டு வந்த மெற்றில்டா அக்காவுக்கு அது அளவாக இருந்திருக்கும். எட்டு வருட லொட்ஜ் வாழ்க்கையில் மெலிந்துபோன அக்காவை அவர் கண்டதில்லை. பின்கதிரையில் வந்த பச்சைத் தொப்பிக் கிழவர், லிஃப்ற்றுக்கு என்ன கேடு என்று கத்தினார். எனக்கு அது கேட்க ஆறுதலாகவே இருந்தது. அண்ணை கீழே நிற்கும் நாட்களில் அவர் அப்படித்தான் கத்துவார்.

என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அக்கா இறங்கினார். கண்ணைத் திறந்து கீழே பார்த்தார்.

"அங்கை நிக்கிற ஆளுக்கு இங்கை எங்களைத் தெரியுமோ?"

"தெரியும் அக்கா. சிவப்பெல்லே."

அப்படியே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "எனக்குப் பயமாயிருக்கேல்லைத் தங்கச்சி" என்றார். "இதை இனி ஆரிட்டைச் சொல்லுவன்?" அப்போதுதான் அழத் தொடங்கினார். செத்தவீட்டில்கூட அப்படி அழவில்லை.

தாசன் அண்ணையின் பொருள் எதுவும் என்னிடம் இல்லை. அந்தக் கம்பளித் தொப்பியைப் பெட்டியில் அவரோடு வைத்து அனுப்பினோம், கோட் அக்காவிடம் இருக்கிறது. எனக்கென்று மிஞ்சியது ஒரே ஒரு சொல். அதை எனக்குப் பழக்கியவரும் அவர்தான், கேட்கக் காத்திருந்தவரும் அவர்தான். அக்காவை வெளியே கிடந்த பலகை வாங்கில் இருத்திவிட்டு நான் குடிலுக்குள் போய் ரெலிபோனைத் தூக்கினேன். ரவி எடுத்தான். அவனிடம் சொல்ல எனக்கு ஒன்றும் இருக்கவில்லை.

"அக்கா இறங்கியாச்சு, அண்ணை" என்றேன்.