எந்தக் கைங்க?

எழுபதுகளின் கடைசியில் சேந்தமங்கலத்துக்குப் பெண் பார்க்கப் போனேன். வீட்டார் முன்பே போய்விட்டார்கள். நான் மட்டும் பரமத்தி வேலூரில் நாமக்கல் பஸ் ஏறினேன். மேலே ஏற்றியிருந்த வெற்றிலைக் கட்டுகளுக்குத் தாராளமாகத் தண்ணீர் தெளித்திருந்தார்கள். அது கூரை ஓட்டை வழியே, துருவோடு சேர்ந்து, என் புது வெள்ளைச் சட்டையில் கோடு கோடாக இறங்கியது.

பக்கத்தில் இருந்தவர் உடம்பு குலுங்கச் சிரித்தார். சேலத்தில் ஏதோ கல்லூரியில் தத்துவப் பேராசிரியராம். பெருத்த மனிதர். எதைப் பேசினாலும் உள்ளங்கைகள் இரண்டையும் விரித்துக் காட்டிவிட்டுத்தான் பேசுவார். பெண் பார்க்கப் போவதைச் சொல்லி அவரிடம் புலம்பினேன்.

"கிரேக்க ஞானி ஒருத்தருங்க, அடிமையா இருந்தவரு. நம்மால ஆகறது, ஆகாதது, ரெண்டையும் பிரிச்சுப் பார்த்தாப் போதும், சந்தோசமா இருக்கலாம்னாரு. ஆகறது இந்த வலக்கை. ஆகாதது இடக்கை. பஸ்ஸு ஒழுகறது, பொண்ணு ஊட்டுக்காரங்க மனசு, எல்லாம் இடக்கை. உடுங்க!"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "சட்ட போச்சுங்களே, அது எந்தக் கைங்க?"

தன் கைகளை மாறி மாறிப் பார்த்தார். பிறகு வலக்கையால் தன் சட்டைப் பொத்தான்களைக் கழற்றத் தொடங்கினார்.

நாமக்கல்லில் பனியனோடு இறங்கினார். என் அழுக்குச் சட்டை அவர் தோளில் துண்டு போலக் கிடந்தது. நான் போட்டுக்கொண்ட அவர் சட்டைக்குள் என்னைப் போல இரண்டு பேர் இருக்கலாம்.

பெண் என்னைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பிலேயே கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. பெயர்கூடக் கேட்டுக்கொள்ளாததால் அவருக்குப் பத்திரிகை வைக்க முடியவில்லை. அந்தச் சட்டையை அவள் இன்றும் மடித்து வைத்திருக்கிறாள். எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் சிரிக்கிறாள்.

அந்தச் சிரிப்பு எந்தக் கை என்பதுதான் எனக்கு இன்னும் தெரியவில்லை.