கேட் போட்டுட்டான்

போன ஞாயிற்றுக்கிழமை கீழ்வீட்டு டேவிட் சார் போனும் கையுமாக மாடியேறி வந்தார். பின்னாலேயே அவர் மனைவி ஸ்டெல்லா அக்கா.

"சார், இதைப் பாருங்க... நான்தான்."

யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய வீடியோ; நிறம் வெளுத்த பழைய படம். குரோம்பேட்டையில் அவர் வேலை பார்த்த தொழிற்சாலை. ஷிப்ட் முடிந்து சங்கு ஊதியிருக்க வேண்டும் — படத்துக்குச் சத்தம் கிடையாது. வாசலிலிருந்து சைக்கிள்களாகக் கொட்டுகின்றன. அந்தக் கம்பெனிக்கே சங்கு ஊதி, இப்போது அங்கே அடுக்குமாடி நிற்கிறது.

எதிரே டீக்கடை பெஞ்சில், நண்பர்கள் நடுவே, பெல்பாட்டமும் கிருதாவுமாக நம்ம சார். கையில் கிளாஸ்.

"ஹீரோ மாதிரி இல்ல?"

அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "திரும்பப் போடுங்க."

சார் சந்தோஷமாகத் திரும்பப் போட்டார். அப்போதுதான் நானும் கவனித்தேன். பெஞ்சுக்குப் பின்னால் ரயில்வே கேட்... ஆவென்று திறந்து கிடந்தது.

இவர்கள் அப்போது குடியிருந்தது தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம். வீட்டுக்கு லேட்டாக வரும் கணவர்களுக்கெல்லாம் அந்த கேட்தான் ஆபத்பாந்தவன். 'கேட் போட்டுட்டான்' என்றால் மறுபேச்சு உண்டா?

"பாவம், மனுஷன் வெயில்ல கேட்ல நிக்கிறாரேன்னு தினம் காபியைச் சூடு பண்ணிப் பண்ணி வச்சேன். நீங்க இங்க உக்காந்து டீ குடிச்சுட்டு இருந்திருக்கீங்க."

சார் என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"அப்பதான் திறந்திருப்பான், ஸ்டெல்லா..."

"அப்புறம் ஏன் கிளம்பல?"

சார் விரலால் திரையைத் தொட்டார்.

"இது சம்சுதீன். இது பீட்டர். இவன் ராஜு, கேரம் பைத்தியம். யாருமே இப்ப இல்ல. இவனுங்களை விட்டுட்டு எழுந்து வர மனசு வராது, ஸ்டெல்லா."

அக்கா போனை வாங்கி, பெஞ்சில் இருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். திட்டவில்லை.

நேற்று வாக்கிங் கிளம்பிய சார் இருட்டிய பிறகுதான் திரும்பினார். இங்கே ராஜகீழ்ப்பாக்கத்தில் பஸ் ஏறி, பழைய கம்பெனி இருந்த இடம் வரை போய் வந்திருக்கிறார். அவர் வாயைத் திறக்கும் முன்பே அக்கா கேட்டார்:

"என்ன, கேட் போட்டுட்டானா?"

"ஆமா."

அந்த கேட்டை எடுத்துச் சுரங்கப்பாதை போட்டு எத்தனையோ வருஷம் ஆகிறது. அதனாலென்ன... காபி சூடாகத்தான் இருந்தது.